எதை அமுக்கணும்?

(முன்னாள் மாணவர் சந்திப்பின் முற்பகல் அமர்வில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



"இந்த வருஷம் மேடையில் அறிவுரை வேண்டாம். கையால் செய்த ஏதாவது ஒரு பொருளைப் பற்றிப் பேசுங்கள்" என்று சங்கச் செயலாளர் போனில் சொன்னபோது எனக்குப் பெரிய நிம்மதி. எங்கள் பேட்சில் யாருக்கும் அறிவுரை சொல்லும் தகுதி இருந்ததாக விடுதிக் காப்பாளர் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. ஆகவே பொருளுக்கே வந்துவிடுகிறேன். வெளி வராந்தாவில் ஆறடி உயரத்தில் ஒரு மரப்பெட்டி நிற்கிறதே, காலையிலிருந்து பையன்கள் சுற்றிச் சுற்றி வருகிறார்களே, அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

அது ஒரு ஆர்கேட் பெட்டி. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வீடியோ கேம் பார்லரிலும் பொருட்காட்சியிலும் டோக்கன் போட்டு விளையாடினோமே, அதே மாதிரி. நாங்கள் நாலு பேர் சேர்ந்து, விடுதி பொழுதுபோக்கு அறைக்காகச் செய்தது. 18 மில்லிமீட்டர் பிளைவுட், ஒரு பழைய மானிட்டர், உள்ளங்கை அளவு ராஸ்பெர்ரி பை கம்ப்யூட்டர், இரண்டு ஜாய்ஸ்டிக். ஆளுக்கு ஆறு பட்டன், ஆளுக்கொரு ஸ்டார்ட் பட்டன், ஆக 14. பழைய விளையாட்டுகளை ஓட்டுவது 'மேம்' என்கிற புரோகிராம். நிக்கோலா சல்மோரியா என்ற இத்தாலியர் 1997 பிப்ரவரியில் தொடங்கி வைத்தது. அந்தக் கால மெஷினுக்குள் இருந்த மின்னணுச் சுற்றை அப்படியே மென்பொருளாக நடித்துக் காட்டும். மேம் இலவசம்தான். விளையாட்டுகளின் உரிமை வேறு விஷயம், அதைத் தம்பிகள் கவனத்தில் வைக்கவும். தச்சு வேலை பற்றி நான் பேசப்போவதில்லை. அது முழுக்க மெக்கானிக்கல் நண்பன் செய்தது, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான், மதியம் அவனைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

என் பங்கு விளக்குகள். பட்டன்களுக்குக் கீழே, மேலே பெயர்ப்பலகைக்குப் பின்னால், முன்பலகையின் அடியில் என்று மொத்தம் 200 எல்.இ.டி. பட்டன் ஒன்றுக்கு நான்கு வீதம் 56, பெயர்ப்பலகைக்கு 72, அடியில் 72. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எந்த நிறம் வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

"எதுக்கு இத்தனை?" என்று கேட்பீர்கள். பெட்டி இங்கே வருவதற்கு முன் சில மாதங்கள் என் வீட்டுக் கூடத்தில் இருந்தது. வந்தவர் போனவர் எல்லோரும் முன்னால் நின்று பார்த்தார்கள். அத்தனை பேரும் கேட்ட முதல் கேள்வி ஒன்றேதான். என் அம்மா கேட்டாள், பக்கத்து வீட்டு ஐந்து வயதுக் குழந்தை கேட்டது, அமெரிக்காவிலிருந்து வந்த மென்பொருள் மைத்துனரும் கேட்டார்: "எதை அமுக்கணும்?"

நியாயமான கேள்வி. பலகையில் ஆளுக்கு ஆறு பட்டன் இருக்கிறது. 1980-இல் வந்த பேக்-மேனுக்கு ஒரு பட்டன்கூட வேண்டாம், ஜாய்ஸ்டிக் போதும். 1981-இன் கேலகாவுக்குச் சுடுவதற்கு ஒரே ஒரு பட்டன். 1979-இன் ஆஸ்டராய்ட்ஸ் அதற்கு நேர் எதிர்: ஜாய்ஸ்டிக்கே கிடையாது, இடம் திரும்ப, வலம் திரும்ப, உந்த, சுட, மாயமாய் மறைய என்று ஐந்தும் பட்டன்தான். 1991-இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் இரண்டாம் பாகத்துக்குக் குத்து மூன்று, உதை மூன்று, ஆறும் வேண்டும். அசல் மெஷின்களில் இந்தத் தொல்லை இல்லை. ஒரு பெட்டிக்கு ஒரு விளையாட்டு, அதற்கு வேண்டிய பட்டன் மட்டும் இருக்கும், பக்கத்திலேயே எழுதியும் இருக்கும். எல்லா விளையாட்டையும் ஒரே பெட்டிக்குள் அடைத்த நாம்தான் ஆளைக் குழப்புகிறோம். அந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதுதான் விளக்கின் வேலை. எது எரிகிறதோ அதை அமுக்கு. எரியாததை விட்டுவிடு. பேக்-மேன் தொடங்கினால் ஆறு பட்டனும் இருட்டாகும், ஜாய்ஸ்டிக்கின் அடிவட்டம் மட்டும் மஞ்சளாக எரியும். (ஜாய்ஸ்டிக் அடியில் போட்டது அந்த 72-இலிருந்து எடுத்த ஒரு துண்டு.) அம்மாவுக்கு நான் ஒரு வார்த்தைகூட விளக்கவில்லை. கையை நேராகக் குச்சியில் வைத்தாள்.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. இந்த மாதிரிப் பெட்டி செய்கிறவர்கள் பெரும்பாலும் விளக்கை அலங்காரமாக நினைக்கிறார்கள். வானவில் ஓடும், எல்லா பட்டனும் ஏழு நிறத்தில் சுழலும். பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வானவில்லுக்கு உள்ளே எந்த விளையாட்டு ஓடுகிறது என்பதே தெரியாது. அது பாட்டுக்கு அது ஆடும். விளக்கு விளையாட்டின் பேச்சைக் கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

பழையவர்கள் இதைத் தெரிந்துதான் செய்தார்கள். 1978-இல் டைட்டோ நிறுவனத்துக்காக நிஷிகாடோ உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸில் திரை வெறும் கறுப்பு வெள்ளை. கண்ணாடி மேல் கலர் செல்லோஃபேன் பட்டை ஒட்டினார்கள். கீழே உன் பீரங்கி நிற்கும் பகுதி பச்சை. மேலே பறக்கிற மர்மக் கப்பல் போகும் பகுதி வேறு நிறம். நிறத்தைப் பார்த்தே உன் இடம் எது என்று தெரிந்துவிடும். சல்லிக்காசு செலவில்லாத நிறக் கட்டுப்பாடு!

சரி, 200 விளக்கைத் தனித்தனியாக எப்படிக் கட்டுப்படுத்துவது? நம் ஊர்க் கோயில் திருவிழாவில் சீரியல் செட் போட்டு அம்மன் உருவம் வைப்பார்களே, தாமரை விரியும், சக்கரம் சுற்றும். அதன் பின்னால் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மோட்டாரில் ஒரு உருளை சுழலும், அதில் செப்புத் தகடு வெட்டி ஒட்டியிருக்கும், ஒவ்வொரு தகடும் ஒரு கூட்டம் பல்புக்கு மின்சாரம் கொடுத்துக் கொடுத்து நிறுத்தும். அருமையான வேலை. ஆனால் எத்தனை கூட்டமோ அத்தனை வயர். 200 விளக்கு, ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்றால் 600 வயர். பெட்டிக்குள் பெருச்சாளி கூடப் போக முடியாது.

இப்போது கிடைக்கும் டபிள்யூ.எஸ். 2812 பி என்ற எல்.இ.டி.யில் 5 மில்லிமீட்டர் சதுரத்துக்குள் மூன்று நிறமும் இருக்கிறது, கூடவே ஒரு குட்டி ஐ.சி.யும் இருக்கிறது. மின்சாரத்துக்கு இரண்டு வயர், செய்திக்கு ஒரே ஒரு வயர். அந்த ஒரு வயரில் 200 பேருக்கும் செய்தி எப்படிப் போகிறது? கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். வரிசையின் தலையில் உட்கார்ந்தவரிடம் வாழை இலைக் கட்டைக் கொடுக்கிறார்கள். அவர் மேலே உள்ள ஒரு இலையை எடுத்துக்கொண்டு, கட்டை அடுத்தவர் பக்கம் தள்ளுகிறார். அடுத்தவரும் அப்படியே. யாருக்கும் நம்பர் கிடையாது, பெயர் கிடையாது. உட்கார்ந்த வரிசைதான் விலாசம். இங்கே ஒரு இலை என்பது 24 பிட். முதல் எல்.இ.டி. வந்த முதல் 24 பிட்டை எடுத்துக்கொண்டு மற்றதைப் புதுப்பித்து அடுத்ததற்கு அனுப்பிவிடும். கடைசியில் வயர் கொஞ்ச நேரம் மௌனமாக இருந்தால், பழைய வகைகளுக்கு 50 மைக்ரோ செகண்ட், புதியவற்றுக்கு 280, "எல்லாருக்கும் இலை போட்டாச்சு, பரிமாறலாம்" என்று அர்த்தம். அத்தனையும் ஒரே சமயத்தில் நிறம் மாறும்.

இந்த முறையில் ஒரு சங்கடமும் உண்டு, ஒரு சௌகரியமும் உண்டு. நடுவில் ஒருவர் எழுந்து போய்விட்டால் அவருக்குப் பின்னால் யாருக்கும் இலை கிடைக்காது. ஒரு எல்.இ.டி. கெட்டால் அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் செய்தி இல்லாமல் நிற்கும். சௌகரியம் என்னவென்றால், பழுதைத் தேட வேண்டியதில்லை. எங்கே நின்றதோ அங்கே, இல்லையென்றால் அதற்கு முந்தியதில். இரண்டு இடம்தான். இன்னொன்று: அந்த 24 பிட்டில் முதலில் பச்சை, அப்புறம்தான் சிவப்பு, பிறகு நீலம். சிவப்பு கேட்டால் பச்சை எரிகிறதே என்று யாராவது தலையைப் பிய்த்துக்கொண்டால் இந்த வரியைக் காட்டுங்கள்.

இனி எங்கள் காலத்து ஆட்களுக்காகக் கொஞ்சம். இந்த வயரில் கிளாக் கிடையாது. ஒரு பிட்டுக்கு 1.25 மைக்ரோ செகண்ட். அதில் 0.4 மைக்ரோ செகண்ட் உயர்ந்திருந்தால் பூஜ்யம், 0.8 உயர்ந்திருந்தால் ஒன்று. 0.15 வரைக்கும் முன்னே பின்னே இருக்கலாம், அவ்வளவுதான். நினைவிருக்கிறதா, மைக்ரோபிராசஸர் லேபில் 8085 கிட்? 6.144 மெகாஹெர்ட்ஸ் படிகம், உள்ளே அதில் பாதி. டிலே புரோகிராம் எழுதும்போது 'நோ ஆபரேஷன்' கட்டளைக்கு நான்கு டி-ஸ்டேட் என்று மனப்பாடம் செய்தோமே, அதைக் கணக்குப் போட்டால் 1.3 மைக்ரோ செகண்ட் வருகிறது. அதாவது, ஒன்றுமே செய்யாமல் சும்மா இருப்பதற்கு 8085 எடுத்துக்கொள்ளும் நேரத்துக்குள் இந்த எல்.இ.டி.க்கு ஒரு பிட் முழுசாகப் போய் முடிந்துவிட்டது! வைவாவில் இதைக் கேட்டிருந்தால் நாங்கள் நிறைய பேர் இங்கே முன்னாள் மாணவராக வந்திருக்க மாட்டோம்.

200 எல்.இ.டி.க்கும் ஒரு தடவை செய்தி போக எவ்வளவு நேரம்? ஒன்றுக்கு 30 மைக்ரோ செகண்ட், 200-க்கு 6 மில்லி செகண்ட். திரையில் படம் செகண்டுக்கு 60 தடவை மாறுகிறது, ஒரு படத்துக்கு 16.7 மில்லி செகண்ட். ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் விளக்கை மாற்ற நேரம் தாராளமாக இருக்கிறது. 1000 எல்.இ.டி. ஒரே வயரில் மாட்டினால் 30 மில்லி செகண்ட் ஆகிவிடும். அப்போது வயரைப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

இந்தச் செய்தியை யார் அனுப்புவது? ராஸ்பெர்ரி பையே அனுப்பலாமே என்று தோன்றும். லினக்ஸ் ஒரே சமயத்தில் நூறு வேலை பார்க்கும் அலுவலகம். சரியாக 0.4 மைக்ரோ செகண்டில் கையைத் தூக்கு என்றால், அந்த நேரத்துக்கு வேறு ஃபைலில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும். இதற்காக உள்ளே இருக்கும் பி.டபிள்யூ.எம். வன்பொருளைப் பிடித்து அனுப்பும் லைப்ரரி உண்டு, நன்றாக வேலையும் செய்கிறது. ஆனால் பை நான்காம் தலைமுறை வரை ஹெட்ஃபோன் துளைக்குச் சத்தம் கொடுப்பதும் அதே பி.டபிள்யூ.எம்.தான். விளக்கு எரிந்தால் பாட்டு கரகரக்கும். ஆர்கேட் பெட்டியில் இரண்டும் வேண்டுமே! ஆகவே விளக்குக்கென்று தனி வேலைக்காரன் ஒருவனை வைத்தோம். 2021-இல் வெளிவந்த ராஸ்பெர்ரி பை பிகோ. அதில் பி.ஐ.ஓ. என்று ஒரு பகுதி உண்டு. பிராசஸரைத் தொந்தரவு செய்யாமல், தனக்குக் கொடுத்த மிகச் சின்ன புரோகிராமைத் தானே கடிகாரம் மாதிரி ஓட்டும். இந்த எல்.இ.டி.க்கு வேண்டிய புரோகிராம் நான்கே நான்கு கட்டளை. எழுதி முடித்ததும், இவ்வளவுதானா என்று இருந்தது.

பெரிய கம்ப்யூட்டர் யு.எஸ்.பி. வழியாகப் பிகோவிடம் "மூன்றாவது பட்டன், சிவப்பு" என்கிற மாதிரி ஒரு வரி சொல்லும். எப்போது, எப்படி எரிய வைப்பது என்பது பிகோவின் பாடு.

நடுவில் ஒரு சின்ன ஐ.சி. இருக்கிறது, அதை யாரும் கழற்றிவிட வேண்டாம். எல்.இ.டி. 5 வோல்ட்டில் ஓடுகிறது. தனக்குக் கொடுத்த வோல்ட்டேஜில் 0.7 பங்கு, அதாவது 3.5 வோல்ட் வந்தால்தான் 'ஒன்று' என்று ஏற்றுக்கொள்ளும் என்கிறது அதன் விவரத்தாள். பிகோ கொடுப்பது 3.3. சில சமயம் வேலை செய்யும், சில சமயம் செய்யாது. "எங்க வீட்ல எரிஞ்சுதே" என்பார்கள். எரியும். வெயில் காலத்தில் அணையும். 74 ஏ.எச்.சி.டி. 125 என்ற ஐ.சி.யை இடையில் வைத்தால் 3.3-ஐ வாங்கி 5 ஆக்கிக் கொடுத்துவிடும். டிஜிட்டல் லேபில் பிரெட்போர்டில் குத்தினோமே 74 வரிசை, அதே குடும்பத்துப் பேரன்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். விளக்கு விளையாட்டின் பேச்சைக் கேட்க வேண்டும் என்றேன். விளையாட்டு பேசுமா? பேசும். 1979-இன் ஆஸ்டராய்ட்ஸ் மெஷினில் இரண்டு ஸ்டார்ட் பட்டனுக்குள்ளும் சின்ன எல்.இ.டி. உண்டு. காசு போட்டதும் அது கண் சிமிட்டும். "வா, என்னை அமுக்கு" என்று அர்த்தம். அதை எரிய வைப்பது யார்? விளையாட்டின் புரோகிராமே. அந்தக் காலத்து எஞ்சினியர் ரோமில் ஒரு கட்டளை எழுதி வைத்திருக்கிறார்: இந்த விலாசத்தில் இந்த பிட்டை மாற்று, விளக்கு எரியும். மெஷின்கள் குப்பைக்குப் போயின. ரோம் மட்டும் பிழைத்து மேமுக்குள் வந்தது. இன்றைக்கும் நீங்கள் காசு போட்டதாகப் பாவனை செய்தால் அந்தப் புரோகிராம் தவறாமல் விளக்கை எரியச் சொல்கிறது, அங்கே விளக்கு இல்லை என்பது தெரியாமலே! பழைய மேமில் இந்தக் கட்டளையைக் கம்ப்யூட்டர் கீபோர்டில் உள்ள நம் லாக், கேப்ஸ் லாக் விளக்குகளில் காட்டினார்கள். எனக்கு அதைப் பார்த்ததும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. எழுதியவர் சொன்ன சொல் இன்னும் வயரின் முனையில் நின்றுகொண்டிருக்கிறது, கேட்க ஆள் இல்லை.

கேட்பது கஷ்டமில்லை. மேமைத் தனியாக ஓட்டும்போது 'அவுட்புட்' என்ற அமைப்பில் 'நெட்வொர்க்' என்று கொடுத்துவிட்டால், விளையாட்டு எந்த விளக்கை மாற்றினாலும் அதை ஒரு வரியாக 8000 எண் டி.சி.பி. போர்ட்டில் சொல்லும். ஒரு பெயர், ஒரு சமக்குறி, ஒரு எண். அவ்வளவுதான். அதே கம்ப்யூட்டரில் ஓடும் ஐம்பது வரி பைதான் புரோகிராம் ஒன்று அதைக் கேட்டு, பிகோவுக்குச் சொல்கிறது. முதல் தடவை ஆஸ்டராய்ட்ஸ் போட்டு, எங்கள் மரப்பெட்டியின் ஸ்டார்ட் பட்டன் விளையாட்டின் சொந்தக் கட்டளையில் கண் சிமிட்டியபோது நாலு பேரும் எழுந்து நின்றோம். கை தட்டவில்லை, கூச்சம்.

எல்லா விளையாட்டிலும் இது கிடையாது. இல்லாதவற்றுக்கு ஒரு அட்டவணை எழுத வேண்டியதுதான்: விளையாட்டின் பெயர், எந்தெந்த பட்டன், என்ன நிறம். ரெட்ரோபை என்ற தொகுப்பில் ஒரு விளையாட்டு தொடங்கும்போதும் முடியும்போதும் நாம் எழுதிய கட்டளைத் தாளைத் தானாகக் கூப்பிடும் வசதி இருக்கிறது. எந்த விளையாட்டு என்ற பெயரையும் கையில் கொடுத்துவிடும். அதை வைத்து அட்டவணையைப் பார்த்தால் தீர்ந்தது. கடையில் வாங்கும் தயார் கருவிகளும் இருக்கின்றன, அல்டிமார்க் நிறுவனத்தின் பேக்-எல்.இ.டி. 64 மாதிரி, விண்டோஸுக்கு எல்.இ.டி. பிளிங்கி என்ற மென்பொருளும் உண்டு. வாங்கிப் போடுவதில் தப்பில்லை. நமக்கு மாணவர்கள் பிரித்துப் பார்க்கிற மாதிரி வேண்டும் என்பதால் கையால் செய்தோம்.

அட்டவணையில் நிறம் எழுதும்போது ஒரு விஷயம். ஆண்களில் நூற்றுக்குச் சிலருக்குச் சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் சரியாகத் தெரியாது. பெரும்பாலும் அவர்கள் சொல்லிக்கொள்வதும் இல்லை. "பச்சை என்றால் அமுக்கு, சிவப்பு என்றால் அமுக்காதே" என்று வைத்தால் அந்தப் பையன் சிரித்துக்கொண்டே தோற்பான். ஆகவே எரிகிறதா இல்லையா என்பதுதான் செய்தி. நிறம் அதற்கு மேல் ஒரு அழகு. வெளிச்ச அளவிலும் ஒரு நுட்பம் உண்டு: 255-க்குப் பாதி 128 என்று கொடுத்தால் கண்ணுக்குப் பாதி வெளிச்சமாகத் தெரியாது, முக்கால்வாசி மாதிரித் தெரியும். கண் அப்படித்தான். 'காமா' திருத்தம் என்று ஒரு சின்ன அட்டவணை வைத்து அதைச் சரிசெய்திருக்கிறோம்.

அடுத்து, கொஞ்சம் கவலை தருகிற விஷயங்கள். பெட்டி விடுதியில் நிற்கப்போகிறது. இரவெல்லாம் ஓடும், பக்கத்தில் ஆள் இருக்க மாட்டார்கள்.

இந்த எல்.இ.டி.க்குக் கடைசியாகச் சொன்ன நிறத்தை மறக்கவே தெரியாது. கம்ப்யூட்டர் நின்று போகட்டும், வயர் கழன்று போகட்டும், மின்சாரம் இருக்கும்வரை அதே நிறத்தில் எரிந்துகொண்டிருக்கும். முழு வெள்ளையில் இருந்தபோது புரோகிராம் செத்தால் விடிய விடிய முழு வெள்ளை. விளையாட்டு முடிந்த பிறகும் "அமுக்கு, அமுக்கு" என்று பொய் சொல்லிக்கொண்டு நிற்கும். அதனால் பெரிய கம்ப்யூட்டர் இரண்டு செகண்டுக்கு ஒரு தடவை "இருக்கிறேன்" என்று பிகோவிடம் சொல்ல வேண்டும். ஐந்து செகண்ட் சத்தமில்லை என்றால் பிகோ எல்லாவற்றையும் அணைத்து, ஸ்டார்ட் பட்டனில் மட்டும் மங்கலாக ஒரு நீலம் வைக்கும். அந்த நீலத்தைப் பார்த்தால் கம்ப்யூட்டர் நின்றுவிட்டது என்று அர்த்தம். பிகோவே நின்றுவிட்டால்? அதற்கு அதற்குள்ளேயே வாட்ச்டாக் இருக்கிறது, உதைத்து எழுப்பிவிடும்.

மின்சாரக் கணக்கைப் பாருங்கள். ஒரு எல்.இ.டி. முழு வெள்ளையில் ஏறக்குறைய 60 மில்லி ஆம்பியர். 200 சேர்ந்தால் 12 ஆம்பியர், 60 வாட். "5 வோல்ட்தானே, தொட்டால் ஷாக் அடிக்காதே" என்று தம்பிகள் அலட்சியமாகச் சொல்கிறார்கள். ஷாக் அடிக்காது, உண்மை. சூடாகும். வீட்டு ஒயரிங்கில் போடும் 1.5 சதுர மில்லிமீட்டர் வயரில் மீட்டருக்கு 0.012 ஓம். பெட்டியின் கீழிருந்து மேலே போக 2 மீட்டர், திரும்பி வர 2 மீட்டர், மொத்தம் 0.048 ஓம். அதில் 12 ஆம்பியர் போனால் 0.58 வோல்ட் வழியிலேயே போய்விடும். 230 வோல்ட்டில் அரை வோல்ட்டை யார் கவனிப்பார்கள்? 5 வோல்ட்டில் அது பத்தில் ஒரு பங்குக்கு மேல். எல்.இ.டி. பட்டையின் செப்பு இன்னும் மெல்லிசு, அதில் இன்னும் விழும். கடைசியில் உள்ள விளக்குகளில் வெள்ளை கேட்டால் மஞ்சளும் சிவப்புமாக எரியும். நீலத்துக்கும் பச்சைக்கும் 3 வோல்ட் அளவில் வேண்டும், சிவப்புக்கு 2 போதும், அதனால் நீலம்தான் முதலில் பட்டினி கிடக்கும். எனவே மின்சாரத்தை இரண்டு கிளையாகப் பிரித்து, பட்டையின் இரண்டு முனையிலும் கொடுத்திருக்கிறோம். கிளைக்கு 6 ஆம்பியர்.

இதில் கண்ணுக்குத் தெரியாத ஆபத்து ஒன்று. நாங்கள் போட்டிருக்கும் எஸ்.எம்.பி.எஸ். 20 ஆம்பியர் கொடுக்கும். எங்காவது அரைகுறையாக ஷார்ட் ஆகி 15 ஆம்பியர் இழுத்தால், எஸ்.எம்.பி.எஸ். அதை ஷார்ட் என்றே நினைக்காது. அதற்கு அது சாதாரண லோடு. பட்டன்களுக்குப் போகும் தலைமுடி மாதிரி வயருக்கு அது சாதாரணம் இல்லை. சுற்றிலும் பிளைவுட். இதற்காகத்தான் கிளைக்கு ஒன்றாகக் காரில் போடும் 7.5 ஆம்பியர் ஃபியூஸ், எஸ்.எம்.பி.எஸ். வாசலிலேயே. மெல்லிய வயர் போகும் பட்டன் பகுதிக்குத் தனியாக 3 ஆம்பியர். புரோகிராமிலும் ஒரு வரம்பு இருக்கிறது: அனுப்புவதற்கு முன் எல்லா எண்களையும் கூட்டிப் பார்த்து, 4 ஆம்பியருக்கு மேல் போகும் என்றால் மொத்தத்தையும் மங்கலாக்கிவிடும். கண்ணுக்கு அந்த வெளிச்சம் தாராளம். ஆனால் புரோகிராமை நம்பி ஃபியூஸை எடுக்கக் கூடாது. புரோகிராமை நாளைக்கு யாரோ ஒருவர் மாற்றுவார், மாற்றத்தான் கொடுக்கிறோம்.

கடைசியாக ஒன்று. 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் போகிமான் கார்ட்டூன் ஒளிபரப்பானது. ஒரு காட்சியில் சிவப்பும் நீலமும் செகண்டுக்கு 12 தடவை அளவில் சில செகண்டுகள் மாறி மாறி மின்னின. அன்றைக்கு ஏறத்தாழ 685 பேரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள், பெரும்பாலும் குழந்தைகள். மின்னும் ஒளியால் வலிப்பு வரக்கூடிய சிலர் எந்தக் கூட்டத்திலும் இருக்கலாம். அது வரும்வரை அவர்களுக்கே தெரியாமலும் இருக்கலாம். செகண்டுக்கு மூன்று தடவைக்கு மேல் மின்ன வேண்டாம் என்பது இன்று பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு. நம் பெட்டியில் 200 விளக்கு, முகத்துக்கு ஒன்றரை அடி தூரத்தில், இருட்டு அறையில். அதனால் இந்த வரம்பைப் பெரிய கம்ப்யூட்டரில் வைக்காமல் பிகோவுக்குள்ளேயே வைத்துவிட்டேன். மேலிருந்து எவ்வளவு வேகமாகக் கட்டளை வந்தாலும் பெயர்ப்பலகையும் அடிவிளக்கும் மெதுவாகத்தான் மாறும். பட்டன் மட்டும் அமுக்கியவுடன் உடனே மாறும், அது சின்ன இடம்.

நேற்று மாலை ஒரு தம்பி தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அண்ணா, அப்ப வானவில்லே கிடையாதா?" ஏன் கிடையாது? பழைய மெஷின்களிலும் ஆள் இல்லாதபோது திரை தானாக விளையாடிக் காட்டி ஆளைக் கூப்பிடும். நம் பெட்டியும் மூன்று நிமிஷம் யாரும் தொடாவிட்டால் வானவில் விடும். மெதுவாக. முதல் பட்டனைத் தொட்டதும் நின்றுவிடும்.

இன்றைக்கு மதியத்தோடு பெட்டி விடுதிக்குப் போகிறது. சர்க்யூட் படமும் புரோகிராம்களும் துறை நூலகத்தில் ஒரு கோப்பில் இருக்கின்றன, தமிழிலேயே குறிப்பு எழுதியிருக்கிறேன். அட்டவணையில் 31 விளையாட்டு முடிந்திருக்கிறது, டிஃபெண்டர் இன்னும் எழுதவில்லை. அதற்கு ஐந்து பட்டன், ஒவ்வொன்றும் வேறு வேலை. விளையாடத் தெரிந்தவர்தான் அதை எழுத வேண்டும், எனக்கு ஒரு நிமிஷத்தில் கப்பல் வெடித்துவிடுகிறது. பின்கதவைத் திறக்கும் முன் மூன்று பின் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் போவது 230 வோல்ட். கதவுச் சாவி காப்பாளர் அறையில் இருக்கும். 7.5 ஆம்பியர் ஃபியூஸ் நான்கும் 3 ஆம்பியர் இரண்டும் கதவின் உட்புறம் டேப் போட்டு ஒட்டியிருக்கிறது. தீர்ந்தால் எந்தக் கார் உதிரிபாகக் கடையிலும் கிடைக்கும். நிறத்தைப் பார்த்து வாங்கிவிடாமல், மேலே எழுதியிருக்கும் எண்ணைப் படித்து வாங்குங்கள்.

சாப்பாட்டு மணி அடித்துவிட்டது.